யாரும் கேட்டு வராத பானை

புவான் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி, கடலோர ஊரான லூகாங்குக்கு வந்த அதே வாரத்தில். அன்று என் மாமியாருக்குத் தலைவலி. இஞ்சியும் பட்டையும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் புது மருமகளுக்கு ஒரு நல்ல பெயர் கிடைக்குமே என்று மருந்துப் பானையைத் தேடினேன். அடுப்புக்கு மேலே பலகையில் சட்டியும் குடமும் வரிசையாக இருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. பானை உட்கார்ந்த வட்டம் கறுப்பாகத் தெரிந்தது.

"அக்கா, மருந்துப் பானை எங்க?" என்று என் ஓரகத்தி லானிடம் கேட்டேன்.

"புவான்கிட்ட இருக்கு" என்றாள், வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே.

"எந்த வீடு? ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

லான் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "வாங்கிட்டு வர்றியா? நேத்துதான் கல்யாணம் ஆச்சு, அதுக்குள்ள குடும்பத்துக்குக் குழி வெட்டறியா? வயித்துல ஒண்ணு தங்க வேண்டிய பொண்ணு நீ. அந்த வீட்டு வாசல்ல குனிஞ்சு செருப்புகூட மாட்டாத!"

உள்ளே படுத்திருந்த மாமியார், "போதும்டி, பச்சப்புள்ளைய மிரட்டாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்தப் பானை என் மாமியாருடையது. அவர் பெயர் கியோக். சந்தில் எல்லோருக்கும் கியோக் பெரியம்மா. கல்யாணத்தின்போது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்பானை அது. பக்கவாட்டில் ஒரு பிடி, குருவி மூக்கு மாதிரி ஒரு மூக்கு. இருபத்தைந்து முப்பது வருஷமாக வேரும் பட்டையும் கொதித்துக் கொதித்து, வெறும் தண்ணீர் ஊற்றினாலும் மருந்து மணக்கும் என்பார்கள். எங்கள் சந்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அந்தப் பானைதான் போகும்.

ஆனால் மருந்துப் பானையை வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும். அது வாங்கிய வீட்டிலேயே இருக்கும். அடுத்து யாருக்குத் தேவையோ அவர்கள் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரருக்கே தேவைப்பட்டாலும் அவரே போய்த்தான் கேட்க வேண்டும். இப்படித்தான் அது வீடு வீடாகச் சந்து முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது, புவான் வீட்டுக்குப் போகும்வரை. அங்கே போனது, அங்கேயே நின்றுவிட்டது.

புவான் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அவள் அப்பா அந்தப் பெயரை வைத்தார். நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்று அர்த்தம். பெயர் நன்றாகவே பலித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டிலே கட்டவில்லை. மூத்த அக்காள் பக்கத்து ஊர் சாங்ஹுவாவில் வாக்கப்பட்டாள். இரண்டாமவளையும் மூன்றாமவளையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குக் கொடுத்தார்கள். நான்காமவள் என் சின்ன அத்தையின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டவள். அந்த வகையில் புவான் எனக்கும் தூரத்து உறவு. வீட்டுக்கென்று ஒருத்தியாவது இருக்கட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

மாப்பிள்ளை பெயர் சுய்லாய். தாய் இல்லாதவன். கடலோரத்தில் சிப்பி வளர்க்கிறவர்கள் வீட்டுப் பையன். அப்பனும் சித்தப்பன்மாரும் மட்டுமாக ஒரு மூங்கில் குடிசையில் வளர்ந்தவன். அந்தக் குடிசையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு சாக்கைப் போர்த்திப் படுத்துவிடுவார்களாம், விடிந்தால் கடலுக்குப் போய்விடுவார்களாம். நல்ல உழைப்பாளி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச அவனுக்கு நாலு நாள் வேண்டும். அவன் கொண்டுவரும் சிப்பியைப் புவான் வாசலில் உட்கார்ந்து உடைத்து உரித்து விற்பாள். அவள் கைவேகத்தைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள்.

மூன்று முறை அவளுக்கு உண்டாகி மூன்றும் தங்கவில்லை. இரண்டாவது முறையிலிருந்து பதின்மூன்று மூலிகைக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தாள். கரு தங்குவதற்கு எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் குடிப்பதுதான். அதற்காகத்தான் பானை அவள் வீட்டுக்குப் போனது. மூன்றாவது ஐந்து மாதம் தாண்டி நின்றது. சந்தே சந்தோஷப்பட்டது. அதுவும் போனபிறகு பேச்சு மாறிவிட்டது.

கஷாயம் காய்ச்சிய சக்கையை நாற்சந்தியில் கொட்ட வேண்டும்; நாலு பேர் மிதித்துப் போனால் நோய் அவர்களோடு போய்விடும். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். புவான் செய்யவில்லை. கொல்லையில் கொய்யா மரத்தடியில் குழிதோண்டிப் புதைத்தாள். கேட்டதற்கு, "நாலு பேர்ல ஒருத்தி புள்ளத்தாச்சியா இருந்தா என்ன பண்றது?" என்றாளாம். லான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "நோயைப் பத்திரமா வீட்டுக்குள்ளயே பொதைச்சு வெச்சிருக்கா. அது மொளைச்சுக் கொய்யாப்பழமாக் காய்க்கும், பாருங்க!"

அதற்குப் பிறகு யாருமே பானையைக் கேட்டு அவள் வாசலுக்குப் போகவில்லை. சந்தில் யாருக்கும் நோய் வரவில்லை என்று இல்லை. வயிற்றுப்போக்கும் வந்தது, மூட்டுவலியும் வந்தது. ஒரு வீட்டில் புதுப் பானை வாங்கி வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டார்கள். லான் அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சினாள். புவானிடம் சிப்பி வாங்குவார்கள், பேசுவார்கள், அவள் தன் பங்குக்கு இரண்டு சிப்பி அதிகம் போட்டால் சிரிப்பார்கள். வாசற்படியை மட்டும் தாண்ட மாட்டார்கள். அவள் அடுப்படியில் அந்தப் பானை உட்கார்ந்தே இருந்தது. இது நோய் வீடு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. யாராவது ஒருவர் வந்து, "புவான், பானை சும்மாவா இருக்கு?" என்று கேட்டால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அது எனக்கு அப்புறம் மெதுவாகத்தான் புரிந்தது.

அந்த வருஷக் கடைசி வந்தது. புது வருஷம் பிறப்பதற்குள் வீட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இரவல் வாங்கிய பொருளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முறமானாலும் ஏணியானாலும் அடுத்த வருஷத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மருந்துப் பானைக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது என்பதைச் சுய்லாய்க்குச் சொல்ல அவனுக்கு ஒரு தாய் இல்லை. ஒரு பொருள் இரவல், வருஷக் கடைசி வந்துவிட்டது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. புவான் விடியுமுன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பானையை எடுத்து, சிப்பி ஓட்டுச் சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, முப்பது வருஷக் கரியையெல்லாம் எடுத்துவிட்டான். பளபளவென்று ஆக்கி, சும்மா கொடுக்கக் கூடாதென்று கழுத்தில் சிவப்புத் தாள் சுற்றி, உள்ளே ஒரு கை நல்ல சிப்பியும் போட்டு, எங்கள் வாசற்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

காலையில் கதவைத் திறந்தது லான்.

"ஐயோ! ஐயோ! வெளிய வாங்க எல்லாரும்! நோய்க்குச் சிவப்புத் தாள் சுத்திச் சீர் கொண்டாந்து வெச்சிருக்கான், வாங்க!"

சந்தே கூடிவிட்டது. என் கணவரின் அண்ணன், எனக்குப் பெரிய அத்தான், அவர் பெயர் பூன்தோங். பொதுவாகக் கோபப்படாதவர். அன்று அடுப்பிலிருந்து கரி எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து பானையின் பிடியைக் கவ்விப் பிடித்து, கையை நீட்டிக்கொண்டே நடந்துபோய்ப் புவான் வாசலில் வைத்தார். எங்கள் மாமியார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

புவான் சிப்பி உடைக்கும் கத்தியோடு வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். கோயில் பக்கத்துக் கிழவர் ஒருவர், "ஏம்மா, உன் புருஷன் கையில வேலை இல்லேன்னா எங்க வீட்டுச் சட்டியும் கரியாத்தான் இருக்கு, அனுப்பு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் குனிந்து பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"யாரைக் கேட்டு இதைத் தேய்ச்சே?" அவள் குரல் வெளியே கேட்டது.

"நீ தினம் அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தே" என்றான் சுய்லாய். "போனாத் தேவலைன்னு நெனச்சேன்."



அந்த மாதமே என் மாமியார் படுத்துவிட்டார். கடற்காற்று எங்கள் ஊரில் அப்படித்தான், எலும்புக்குள் போய் உட்காரும். இருமல், காய்ச்சல். ஊசி போடும் டாக்டர் வந்து பார்த்தார்; காய்ச்சல் இறங்கியது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. கை ஜில்லென்று இருக்கும். இரண்டு வாய் கஞ்சி, போதும் என்று தள்ளிவிடுவார். லானுக்குச் சொல்லவா வேண்டும்? "பானை வாசலைத் தொட்டுதா இல்லையா? தொட்டுது. மாமியார் படுத்தாங்களா இல்லையா? படுத்தாங்க. இதுக்கு டாக்டர் எதுக்கு?"

மருந்துக்கடை சுவா ஐயா மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அவருடைய இரண்டாவது சம்சாரம் என் அம்மா ஊர்க்காரி. நாடி பார்த்துவிட்டு, உடம்பைத் தேற்றும் பத்து மூலிகைக் கஷாயம் எழுதினார். "காய்ச்சல் இருந்தப்ப இதைக் குடுத்திருந்தா எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிருக்கும். இப்ப அடுப்பு அணைஞ்சு கெடக்கு, இப்பத்தான் ஊதணும்" என்றார். முள்ளங்கி தொடக் கூடாது, தேநீர் கூடாது. "அப்புறம் கேட்டுக்கோ லான், அலுமினியத்துல காய்ச்சினா என்கிட்ட வராத. பொட்டலத்தை நேரா வாய்க்கால்ல போட்டுடு, மீனாவது தேறட்டும்."

லான் பிடிவாதக்காரி. முதல் நாள் அலுமினியத்தில்தான் காய்ச்சினாள். மாமியார் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பினார். "இது மருந்தா, குழாய்த் தண்ணியா?" பிறகு ஒரு புதுப் பானை வாங்கிவந்தாள். புதுப் பானையில் முதலில் அரிசி கழுநீர் விட்டு மெல்லக் கொதிக்க வைக்க வேண்டும். அவசரத்தில் நேராகக் கரியில் ஏற்றினாள். பாதிக் கொதியில் பட்டென்று விரிந்து, அத்தனை மூலிகையும் சாம்பலில் போயிற்று. லான் அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் பானையைக் கொண்டாங்க" என்றார் மாமியார்.

பூன்தோங் அத்தான், "அம்மா, அது வேண்டாம்மா" என்றார். லான் சுவரைப் பார்த்தாள். யார் போய்க் கேட்பது? யாரும் போகவில்லை.

இது எப்படிப் புவான் காதுக்குப் போனதோ தெரியாது. எங்கள் சந்தில் தும்மினால் எதிர் வீட்டில் முகம் துடைப்பார்கள், அவ்வளவு குறுகல். மறுநாள் முற்பகலில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். படியில் கால் வைக்கவில்லை.

"லான் அக்கா, மருந்துப் பொட்டலத்தைக் குடுங்க. நான் காய்ச்சிக் கொண்டாரேன்."

"எதுல?"

"அதே பானைலதான். பானை உங்க வீட்டுக்கு வராது, பயப்படாதீங்க. அது எங்கிட்டயே இருக்கும். கஷாயம் மட்டும் வரும்."

லான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கஷாயம் வரலாமா, அதோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வருமா என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. உள்ளேயிருந்து மாமியார், "குடுடீ!" என்றார். படுத்ததிலிருந்து அவர் குரல் அவ்வளவு உரக்க வந்ததே இல்லை.

பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் நான் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டினேன். சுய்லாய் தேய்த்துக் கெடுத்த பானையை அவள் கழுநீர் விட்டு நாள் கணக்காகக் கொதிக்க வைத்துத் திரும்பப் பழக்கியிருந்தாள். சின்னக் கரியடுப்பு முன்னால் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து மடியில் பரப்பினாள்.

"வா, ஒக்காரு. வாசலுக்கு முதுகு காட்டி ஒக்காரு, இல்லேன்னா உங்க அக்கா அங்கேருந்து கண்ணாலயே இழுத்துடுவா." ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். "இது அவிச்சு அவிச்சுக் கறுப்பாக்கின கெழங்கு, ரத்தத்துக்கு. இந்த வேர் மோந்து பாரு, செலரி மாதிரி மணக்குதா? தோங்குய். இதுவும் ரத்தத்துக்கு. இந்த வெள்ளைக் கட்டி, பைன் மரத்து வேர்ல வெளையற காளான், வயித்துக்கு. அதிமதுரம் எல்லாத்தையும் சமாதானம் பண்ணி வெக்கும், மாமியார் மருமக சண்டையில எதிர்வீட்டுக்காரி மாதிரி. லவங்கப்பட்டை கைகால் சூடேற. நாலு தெம்புக்கு, நாலு ரத்தத்துக்கு, மேல ரெண்டு அதுங்களைத் தள்ளிவிட."

"எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் குடிச்ச பொட்டலத்தை அடுக்கினா இந்த வீட்டுக்குக் கூரை போடலாம்" என்றாள். இரண்டு காய்ந்த சிவப்பு இலந்தையும் இஞ்சியும் சேர்த்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி, மேலே தாள் கட்டி மூடினாள். அது முக்கால் கிண்ணத்துக்குக் கொஞ்சம் மேலாக வற்றும்வரை விசிறியை வைத்துவிட்டு நகரவில்லை. சிப்பிக் கூடை வாசலில் அப்படியே கிடந்தது.

மாமியார் குடித்தார். "கசப்பு சரியா இருக்கு" என்றார்.

அதிலிருந்து தினமும் கிண்ணம் தட்டு மூடிக்கொண்டு சந்தைக் கடந்து வந்தது. புவான் தினமும் என்னைக் கேட்பாள், "உங்க மாமியார் முள்ளங்கி அப்பம் திங்கறாங்களா?" இல்லை என்பேன். "பொய் சொல்லாத, நேத்துக் கிண்ணத்துல வாசனை வந்துது." மாமியாரிடம் இதைச் சொன்னால், "அவ மூக்கைச் சுங்கச்சாவடியில வெக்கலாம்" என்பார். ஆனால் அப்பத்தை விட்டுவிட்டார். கஞ்சி அதிகமாக இறங்கியது. கை சூடேறியது. உட்கார்ந்து தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தார்.

சந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முதலில் ஒரு வீட்டிலிருந்து மூட்டுவலிப் பொட்டலம் வந்தது. பிறகு வயசுக்கு வந்த பெண்ணின் வயிற்றுவலிக்கு நான்கு மூலிகைப் பொட்டலம். பிறகு கோயில் பக்கத்துக் கிழவரின் இருமல், கேலி பண்ணினாரே அவரேதான். எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. பானை அவளிடம், புகை அவளிடம், நோயும் அவளிடமே இருக்கட்டும். மருந்து மட்டும் நமக்கு. யாரும் இதை மனசறிந்து செய்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது அதுதான். அவளும் கொண்டுவந்ததையெல்லாம் காய்ச்சிக் கொடுத்தாள். வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் விசிறிக்கொண்டே சொன்னாள்: "மருந்து எல்லார் வீட்டுக்கும் போகுது. பானையை மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, பாத்தியா?"

வெயில் ஏற ஆரம்பித்த மாதம். புவான் என்னைப் பின்பக்கமாகக் கூப்பிட்டாள். சுவா ஐயா கடையில் தனக்காக என்று சொல்லாமல் ஒரு பொட்டலம் வாங்கிவர முடியுமா என்று கேட்டாள். எந்தப் பொட்டலம் என்று அவள் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பதின்மூன்று மூலிகை.

"எத்தனை மாசம்?"

"கேக்காத. எண்ணினாலே போயிடும் போலிருக்கு."

வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பொட்டலத்தைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுப்பை மூட்டவில்லை.

"இதுல எனக்குக் காய்ச்ச மாட்டேன்" என்றாள். "மத்தவங்களுக்குக் காய்ச்சினேன், சரியாச்சு. எனக்குக் காய்ச்சினப்பதான்... இது இந்த வீட்டை விட்டு ஒரு தடவையாவது கௌம்பணும். நானாக் கொண்டுபோய் யாருக்குக் குடுப்பேன்? கெணத்துல போடவும் முடியாது, என் பொருள் இல்ல. நீ பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போயிடு. கண்ணுல பட்டா காய்ச்சத் தோணும்."

நான் பொட்டலத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"மாசிபத்திரி வாசனை அடிக்குது" என்றார் நிமிராமலே. "எனக்கு எழுதினதுல மாசிபத்திரி கெடையாதே. உனக்கா?"

"இல்ல அத்தை."

அவர் கை நின்றது. சந்தின் எதிர்ப்பக்கம் பார்த்தார். பொட்டலத்தை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். புவான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அப்புறம், "முடிக்கு எண்ணெய் கொஞ்சம் எடு. தலை வாரணும்" என்றார்.

மறுநாள் காலை, சிப்பிக் கூடைகள் வந்து இறங்கி, பெண்களெல்லாம் வாசலில் இருக்கும் நேரம். அந்த நேரத்தைத்தான் அவர் வேண்டுமென்றே பார்த்தார். நல்ல கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, படுத்த பிறகு முதல்முறையாக வாசற்படி இறங்கினார். பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். சந்தைக் குறுக்கே கடந்து புவான் வாசலில் நின்றார். சிப்பி உடைக்கிற சத்தம் ஒவ்வொரு வாசலாக நின்றது.

"புவான்! பானை சும்மாவா இருக்கு?"

புவான் எழுந்தாள். கையெல்லாம் சிப்பிநீர். "இருக்கு பெரியம்மா."

"எங்க வீட்டுக்கு வேணும்."

கேட்டு வருகிறவரிடம் வீட்டுக்காரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். "யாருக்கு உடம்பு சரியில்ல, பெரியம்மா?"

"எனக்குத்தான். முட்டிவலி, இடுப்புவலி, மூத்த மருமக வாயால காதுவலி. கெழவிகிட்ட நோய்க்கா பஞ்சம்?"

சந்து முழுக்கச் சிரித்தது. எங்கள் வாசலிலிருந்து லான் கத்தினாள். "அத்தை! நல்லா யோசிச்சுதான் செய்யறீங்களா?"

"படுத்துக்கிட்டு வேறென்னடி பண்ணினேன்? யோசிச்சேன். நீ போய் அடுப்பு மூட்டு!"

புவான் உள்ளே போய்ப் பானையைக் கொண்டுவந்தாள். காலியாக, உலர்ந்து, கறுப்பாக இருந்தது. கொடுக்க வந்தவள் கொடுக்காமல் நின்றாள். "பெரியம்மா, இது எங்கிட்ட இருந்தப்பதான் மூணும்..."

"தெரியும். குடு" என்றார் மாமியார். "என் பானை. எது வந்தாலும் எனக்குப் பழக்கமான பானையிலதானே வரும்?" தடியை என்னிடம் நீட்டிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பானை எடுத்தவர்கள் நன்றியும் சொல்லக் கூடாது, வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. பேசாமல் திரும்பினார். தடியில்லாமல் நடந்தார், எனக்கு உயிர் போய் வந்தது. அவர் எங்கள் வாசற்படி ஏறும்வரை புவான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், பானை இருந்த இடத்தைத் துடைத்து, இன்னொரு தரமும் துடைத்து, அங்கே வெங்காயக் கூடையைத் தூக்கி வைத்தாளாம். சுய்லாய் பல வருஷம் கழித்துச் சொன்னான். அவன் சொன்னதிலேயே நீளமான கதை அதுதான்.

தலையணைக்குக் கீழே இருந்த பொட்டலம் அன்றைக்கே எங்கள் அடுப்பில் ஏறியது. அதற்குப் பிறகு கிண்ணம் எதிர்ப்பக்கமாகப் போனது, எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு. விசிற உட்கார்ந்தவள் லான்தான். மாமியார் வேறு யாரையும் விடவில்லை. "புள்ளை அவளுக்கு, புகை எனக்கு" என்று தினமும் திட்டிக்கொண்டே விசிறினாள். ஆனால் ஒரு நாளும் தீயவிட்டதில்லை, பொங்கவிட்டதில்லை. சக்கையை என்ன செய்வதென்று மாமியாரைக் கேட்டாள். "அவகிட்டக் கேளு" என்றார். லான் கேட்கவில்லை, எங்கள் கொல்லையிலேயே ஒரு குழி தோண்டினாள்.

மருத்துவச்சி வந்து புவானைப் படுக்கையில் போட்டு, அவளைச் சிப்பிக் கூடை தூக்கவிடக் கூடாதென்று சுய்லாயிடம் சத்தியம் வாங்கினாள். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. மூலிகைதான் காரணம் என்றார் சுவா ஐயா. படுக்கைதான் காரணம் என்றாள் மருத்துவச்சி. பானை வெளியேறியதுதான் காரணம் என்று சந்தில் சொன்னார்கள். என் மாமியார் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு முட்டிவலி உண்மையாகவே வந்தது, ஆனால் அது வயசானால் வருவதுதான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார்.

புவானுக்கு அடுத்து ஒரு பையனும் பிறந்தான். சிப்பித் தொழிலில் ஒரு வருஷம் நல்லது, இரண்டு வருஷம் கெட்டது என்று ஓட்டினார்கள். பையன் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான், பெண் தைச்சுங் நகரத்தில் ஆசிரியை ஆனாள். சுய்லாய் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போனான். அன்று காலைகூட கடலுக்குப் போய்விட்டு வந்திருந்தான். லூகாங் வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

புவான் இப்போது தைச்சுங்கில் மகள் வீட்டில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். காது சரியாகக் கேட்பதில்லை. காலையில் எழுந்து பேரனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.